அம்பாசடர் ஊளையிட்டால் டிஃப்ரன்ஷியலைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மார்க் 4 அம்பாசடர் வைத்திருக்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. டிஃப்ரன்ஷியலை (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் பெட்டி) பிரித்து, உள்ளே ஒன்றோடொன்று சுழலும் கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சத்தம் வந்ததும் பிரித்துப் போடுவது மெக்கானிக்குக்கு நல்லது, உங்களுக்கு அல்ல.

காரைச் சமதரையில் நிறுத்தி, டிஃப்ரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் உள்ள ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழற்றச் சொல்லுங்கள். துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். பாதிப் பேர் வருடக்கணக்கில் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. பழைய ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற மினுமினுப்பு இந்த வயதுக்குச் சகஜம். நகத்தில் இடறுகிற இரும்புத் துண்டு வந்தால் பிரிக்கத்தான் வேண்டும். வரவில்லையா, இந்த ஹைப்பாய்டு வகைப் பல்சக்கரங்களுக்கான ஈபி 90 கியர் ஆயிலை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளை மாறினால் பினியன் பக்கம் சந்தேகம். வளைவில் மாறினால் வீல் பேரிங். கிளட்ச் விடும்போது ‘டக்’ என்றால் முதலில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சமீபத்தில் பினியன் பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றினீர்களா? அதற்குப் பிறகுதான் ஊளை ஆரம்பித்தது என்றால் கதையே வேறு. சீலை மாற்ற பினியன் நட்டைக் கழற்றுவார்கள். கழற்றும் முன் அது நின்ற இடத்தை அடையாளம் போட்டுக்கொள்ளாமல், ‘இருக்கட்டும்’ என்று பலத்தோடு இறுக்கிவிட்டால் பேரிங்கில் அழுத்தம் ஏறிவிடும். ஊளை வரும், ஹவுசிங் சுடும். பல்லில் குற்றம் இருக்காது. உடனே நிறுத்தி அந்த அழுத்தத்தை மட்டும் சரிசெய்தால் போதும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பேரிங்கும் போய்விடும், அப்புறம் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், தனித்தனியாக வாங்கிய கிரவுனையும் பினியனையும் சேர்த்துப் போட விடாதீர்கள். இரண்டும் ஜோடியாகத் தேய்த்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். என்னிடம் ஒரு இடைத்தரகர் ‘கம்பெனி சரக்கு சார்’ என்று விற்ற ஜோடியில் எண்கள் வேறு வேறு. ஒன்றைச் சுரண்டியும் வைத்திருந்தார். பழைய ஆக்சிலை முழுதாக வாங்குகிறீர்கள் என்றால் ஆயிலை உங்கள் கண்முன் வடிக்கச் சொல்லுங்கள். கெட்டியான 140 ஆயிலோ மரத்தூளோ போட்டு சத்தத்தை அடக்கி விற்பது பழைய வித்தை.

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. இந்தக் கார்களின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022-ல் 5,000 ஆக்கிய மத்திய அரசு, ஒழுங்கான ஒரு பாகம் கிடைக்க மட்டும் வழி செய்யவில்லை.

ஆயில் மாற்றி ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஊளை கூடாமல் அதே அளவில் இருந்தால் அப்படியே ஓட்டுங்கள், நெடுஞ்சாலையில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு.