முதலில் நிற்கட்டும், பிறகு இழுக்கட்டும்
மட்டக்குதிரையை வண்டிக்குப் பழக்குவது பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: நான்கு வயது என்று சொல்லி ஒரு மட்டக்குதிரையை விற்றார்கள். பொழுதுபோக்காகச் சின்ன இரட்டைச் சக்கர வண்டியில் பூட்டி ஓட்ட ஆசை. எப்போது தொடங்கலாம்? எத்தனை நாளாகும்?

பதில்: விற்றவர் சொன்னது இருக்கட்டும், வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களில் நடு ஜோடி ஏறக்குறைய 2½ வயதிலும், அதற்கடுத்த ஜோடி 3½ வயதிலும், ஓரத்து ஜோடி 4½ வயதிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக மாறும். ஓரத்துப் பற்கள் இன்னும் பால்பற்களாகவே இருந்து, அடுத்த ஜோடி மாறியிருந்தால் நான்கு வயது என்பது நம்பக்கூடியதுதான். அடுத்த ஜோடியும் மாறவில்லை என்றால், ஆள் லகானோடு பின்னால் நடந்து ஓட்டும் பழக்கத்தோடு இந்த வருடத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். எடை இழுக்கும் வேலை நான்கு வயதுக்குப் பிறகுதான். பல்லைப் பார்க்கும்போதே, கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். லகான் மாட்டும் வாய் இரும்பு அதில் இடித்தால் குதிரை தலையை உதறும். அதை முரட்டுத்தனம் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு.

நாள் கணக்கு கேட்டால், வாரம் ஐந்து நாள், ஒரு வேளைக்கு 20 நிமிடம் என்று வைத்து மூன்று முதல் ஆறு மாதம். மூன்று வாரத்தில் பூட்டிவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்களின் குதிரைகள்தான் பெரும்பாலும் ஆறாவது மாதத்தில் வண்டியை உடைக்கின்றன.

கேள்வி: நீளக் கயிற்றில் வட்டமடிக்க விட்டு ‘நட’, ‘நில்’ என்று சொல்லிப் பழக்குகிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறது.

பதில்: குழம்பத்தான் செய்யும். இரண்டும் ‘ந்’ ஒலியில் தொடங்கும் குட்டிச் சொற்கள். குதிரைக்கு எழுத்து தெரியாது, ஓசையின் நீளமும் ஏற்ற இறக்கமும்தான் தெரியும். நிற்பதற்கு ‘ஹோ...’ என்று நீட்டிக் குரலைத் தாழ்த்துங்கள். நடக்க, ‘நட!’ என்று குறுக்கி உயர்த்துங்கள். சீரோட்டத்துக்கு நாக்கைச் சொடுக்கினால் போதும். பின்னால் நகர வேறொரு சொல். வீட்டில் ஓட்டுகிற எல்லோரும் அதே சொல்லை அதே ராகத்தில் சொல்ல வேண்டும்.

இந்த நான்கில் ‘ஹோ’ ஒன்றுதான் உயிர் காப்பது. வெறுமனே நின்றால் போதாது, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் லகானில் இழுப்பு இல்லாமல் நிற்க வேண்டும். பக்கத்தில் வாளி உருண்டாலும் நிற்க வேண்டும். சவாரிக்காரருக்குக் கால் இருக்கிறது, உடல் எடை இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்தவருக்குக் குரலும் லகானும் சாட்டையும் மட்டுமே. இது தேறாத குதிரைக்கு ஏர்க்காலை, அதாவது வண்டியிலிருந்து குதிரையின் இருபுறமும் நீளும் கழிகளை, காட்டவே வேண்டாம்.

கேள்வி: டயரைக் கட்டி இழுக்க விட்டோம். மிரண்டு ஓடியது, டயரும் துரத்தியது. இப்போது கயிற்றைக் கண்டாலே நடுங்குகிறது.

பதில்: ஓடினால் கூடவே ஓடி வரும் ஒன்றைக் குதிரையின் பின்னால் கட்டியதுதான் தவறு. தொடக்கத்திலிருந்து வாருங்கள். ஒருவர் டயரை இழுத்துக்கொண்டு முன்னே நடக்கட்டும், குதிரை அதன் பின்னால் போகட்டும். பயமுறுத்தும் பொருள் தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்தால் குதிரைக்குத் துணிவு வரும், முகர்ந்துகூடப் பார்க்கும். சில நாள் கழித்து டயர் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு நன்றாகத் தள்ளிப் பின்னால். இதுவரை டயரின் கயிறு ஆள் கையில்தான், குதிரையில் இல்லை.

இதற்கு இணையாக நெஞ்சுப்பட்டையை மாட்டி, அதிலிருந்து பின்னால் போகும் இரண்டு இழுவை வார்களையும் பின்னால் ஒருவர் பிடித்து மெல்லப் பாரம் கொடுக்கட்டும். குதிரை நெஞ்சைக் கொடுத்து முன்னேறிய கணமே பாரத்தைத் தளர்த்த வேண்டும். நெஞ்சில் பாரம் வந்தால் நிற்பதல்ல, சாய்ந்து போவது என்று அப்போதுதான் புரியும். இதெல்லாம் தேறிய பிறகே டயரைப் பூட்டலாம். குதிகாலுக்கும் டயருக்கும் இடையே 2½ மீட்டராவது இருக்கட்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். நேர்கோட்டில் மட்டும் போங்கள். சட்டென்று திருப்பினால் கயிறு காலுக்குள் போய்விடும்.

வண்டிக்கும் இதே வரிசைதான். முதலில் ஆள் இழுக்கும் வண்டியின் பின்னால் குதிரை, பிறகு பக்கத்தில், பிறகு வண்டி பின்னால்.

கேள்வி: நேராக அருமையாக இழுக்கிறது. திருப்பத்தில் மட்டும் முரண்டு பிடிக்கிறது, இரண்டு முறை உதைத்தும் விட்டது. ஏன்?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் நல்ல கேள்வி இதுதான். ஏர்க்கால் வளையாது. லகானில் நடக்கும்போது உடலை வில்லாக வளைத்துத் திரும்பிய குதிரை, இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே பலகை மாதிரி நேராக இருந்தபடி முன்னங்கால்களைக் குறுக்கே எடுத்து வைத்து வண்டியை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் இடது ஏர்க்கால் இடது தோளில் அழுத்தும், வலது ஏர்க்கால் வலது தொடைப்பக்கத்தை உரசும். இதுவரை நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? அழுத்தினால் விலகு என்று. இப்போது அழுத்துவதையே தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறீர்கள். போதாததற்குப் பின்னால் ஏதோ உரசுகிறது. அதனால்தான் உதை.

வண்டியைக் கழற்றி வையுங்கள். 2½ மீட்டர் நீள லேசான இரண்டு கழிகளை, ஏர்க்கால் வரும் இடத்தில், முதுகுச் சேணத்தின் தோல் வளையங்களில் செருகிப் பின்நுனியை உதவியாள் பிடித்துக்கொள்ளட்டும். நின்ற இடத்தில் கழியைத் தோளிலும் தொடையிலும் மெல்ல உரசி, எடுத்து, உரசி, சலிக்கும்வரை பழக்குங்கள். பிறகு ஒரே ஒரு காலடி இடப்பக்கம். முன்னங்கால் குறுக்கே வந்ததா? ‘ஹோ’, பாராட்டு, நேராகப் போங்கள். அடுத்த நாள் இரண்டு காலடி. கால்வட்டத் திருப்பம் இருபுறமும் அமைதியாக வர இரண்டு மூன்று வாரமாகலாம். வண்டியில் பூட்டிய பிறகும் முதல் மாதம் முழுக்கப் பெரிய வட்டங்களாகவே எடுங்கள். நின்ற இடத்தில் திருப்பாதீர்கள், இரண்டடி முன்னேறிய பிறகு திருப்புங்கள்.

கேள்வி: கண்பட்டை கட்டுவது கொடுமை இல்லையா?

பதில்: மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர, ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும் கண் குதிரையுடையது. சக்கரம் சுழல்வது ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருப்பதுதான் பல குதிரைகளைப் பதற வைக்கிறது. கண்பட்டை இல்லாமல் நிம்மதியாக ஓடும் குதிரைகளும் உண்டு. எங்கள் அபிப்பிராயம்: வண்டியைத் திறந்த கண்ணால் பார்க்கவும் பழக்குங்கள், கண்பட்டையோடும் பழக்குங்கள். பூட்டும் நாளன்று புதிதாகக் கட்டாதீர்கள். விழி பட்டையின் நடுவில் வர வேண்டும், இமைமயிர் உரசக்கூடாது. கடிவாளத்தின் கன்னவார் தொளதொளவென்று இருந்தால், லகானை இழுக்கும்போது பட்டை பிதுங்கி, அந்த இடுக்கு வழியே திடீரென்று சக்கரம் தெரியும். கட்டாமலிருப்பதைவிட அது மோசம்.

கேள்வி: சேணப் பட்டைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நெஞ்சுப்பட்டை தோள்மூட்டு எலும்புக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாய்க்குக் கீழே. மேலேறினால் மூச்சு முட்டும், கீழிறங்கினால் முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். உள்ளங்கை தட்டையாக உள்ளே போக வேண்டும். வால் வளையத்துக்குள் ஒரு மயிர்கூடச் சிக்கக்கூடாது, நூற்றில் பாதி உதைக்குக் காரணம் அந்த ஒரு மயிர் என்றுகூடத் தோன்றும். பின்தொடையைச் சுற்றி வரும் பின்பட்டைதான் வண்டியின் பிரேக். அது வாலடிக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில், இழுவை வார்கள் விறைத்திருக்கும்போது தொடையிலிருந்து கையகலம் தள்ளி இருக்க வேண்டும். கீழே தொங்கினால் இறக்கத்தில் குதிரையின் காலையே வாரிவிடும். வாய் இரும்பு வழவழப்பானதாக, வாயின் இருபுறமும் அரை செ.மீ. வெளியே தெரியும் அளவில் போதும். நெஞ்சுப்பட்டை போடுவதானால், வண்டியில் இழுவை வார்கள் மாட்டும் கட்டை நடுவில் அசையும்படி இருப்பது கட்டாயம். அசையாத கட்டை என்றால் ஒவ்வொரு அடிக்கும் பட்டை தோளில் அரைத்துப் புண்ணாக்கும்.

கேள்வி: பூட்டும்போது எதை முதலில் மாட்டுவது, எதை முதலில் கழற்றுவது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: குதிரை நிற்கட்டும், வண்டி அதனிடம் வரட்டும். குதிரையைப் பின்னுக்குத் தள்ளி ஏர்க்காலுக்குள் நுழைப்பது தொடையில் குத்தும் வேலை. ஏர்க்காலை உயர்த்திப் பிடித்து வந்து, தாழ்த்தி, முதுகுச் சேணத்தின் வளையங்களில் செருகுங்கள். நுனி தோள்மூட்டு வரை வந்தால் சரி. பிறகு இழுவை வார்கள், அதன்பின் பின்பட்டை வார்கள், கடைசியில் வயிற்றுப்பட்டை. கழற்றும்போது அப்படியே தலைகீழ். காரணம் இருக்கிறது: இழுவை வார் இல்லாத நேரத்தில் குதிரை ஓரடி முன்னே போனால் வண்டி கூட வராது, ஏர்க்கால் பாதி வழுகித் தொங்கும், கலவரம் அங்கேதான் தொடங்கும். வண்டி பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், கம்பத்தில் கட்டிவிட்டும் போகாதீர்கள். ஓட்டுபவர் லகானோடு முதலில் ஏறி, கடைசியில் இறங்க வேண்டும்.

முதல் பூட்டலுக்கு மூன்று பேர், வேலியடைத்த மைதானம், பத்தே நிமிடம். வண்டியில் யாரும் உட்காரக்கூடாது, லகானோடு பக்கத்தில் நடங்கள். மூன்று நான்கு நாள் அமைதியாகப் போனால் ஏறலாம்.

கேள்வி: தனியாகப் பூட்டலாமா?

பதில்: பழகிய குதிரையை, பழகியவர். நீங்கள் இன்னும் இல்லை.

கேள்வி: எவ்வளவு எடை இழுக்கும்?

பதில்: முதலில் குதிரையின் எடையைக் கண்டுபிடியுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்மூட்டிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் 198 கிலோ.

புதிதாகப் பழகும் குதிரைக்கு வண்டியும் ஆட்களும் சேர்த்து அதன் சொந்த எடையைத் தாண்ட வேண்டாம். 70 கிலோ வண்டி, 65 கிலோ ஆட்கள் இருவர், மொத்தம் 200. சமதளத்தில் இதுவே எல்லை. மேட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கெட்டியான சமதளத்தில் 200 கிலோவை உருட்ட 4 முதல் 6 கிலோ இழுவிசை போதும். பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் அதோடு 20 கிலோ கூடும். குதிரை நெடுநேரம் தாங்கக்கூடிய இழுவிசை அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே மேட்டில் ஆட்கள் இறங்கி நடப்பது மரியாதை அல்ல, கணக்கு. மணலில் சமதளமே மேடு மாதிரிதான்.

ஆட்கள் உட்கார்ந்த பின் ஏர்க்கால் நுனியை இரண்டு விரலால் தூக்க முடிகிறதா பாருங்கள். கனத்தால் முதுகில் அழுத்துகிறது, மேலே எழும்பினால் வயிற்றுப்பட்டையை இழுக்கிறது. இருக்கையை முன்பின் நகர்த்திச் சரி செய்யுங்கள்.

கேள்வி: ஓட்டத்தின் நடுவே லகான் வாலுக்கடியில் மாட்டிக்கொள்கிறது. வாலை இறுக்கிக்கொண்டு பின்னங்காலைத் தூக்குகிறது.

பதில்: இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க வாலை இன்னும் இறுக்கும், அடுத்தது உதைதான். லகானைத் தளர்த்தி, குரலால் நிறுத்தி, உதவியாள் பக்கவாட்டில் நின்று வாலைத் தூக்கி எடுக்கட்டும். ‘ஹோ’ ஏன் லகானில்லாமல் பலிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். லகான் தளர்ந்து தொங்குவதுதான் மூலகாரணம், கையை ஒழுங்குபடுத்துங்கள்.

கேள்வி: கிளம்பும்போது நகர மறுக்கிறது. அடித்தால் பின்னால் போகிறது.

பதில்: தோளில் புண் இருக்கிறதா, பட்டை கழுத்தை நெரிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் கையையும் பாருங்கள். ‘நட’ என்று சொல்லிக்கொண்டே லகானை இறுக்கிப் பிடித்திருப்பவர்கள் ஏராளம். எடையைக் குறையுங்கள், உதவியாள் பின்னிருந்து வண்டியை லேசாகத் தள்ளட்டும். குதிரையைச் சற்றே கோணலாகத் திருப்பிக் கிளப்பினால் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையும், முதல் இழுப்பு லேசாகும். சாட்டை சேணத்துக்கும் நெஞ்சுப்பட்டைக்கும் நடுவே தொட்டுக்காட்ட மட்டும். பிட்டத்தில் அடித்தால் உதையைக் கேட்டு வாங்குகிறீர்கள்.

கேள்வி: ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும்போது தண்ணீர் காட்டக்கூடாது என்கிறார்களே?

பதில்: காட்டலாம். ஒரே மூச்சில் வாளி முழுவதும் வேண்டாம், சில மிடறு, கொஞ்சம் நடை, மறுபடி சில மிடறு. நாடியையும் எண்ணுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்தும் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் நாளைய ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். பட்டை பட்ட இடங்களில் காய்ந்த வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டே கொட்டிலில் விடுங்கள், மறுநாள் புண்ணாவது அந்த உப்பால்தான்.