‘டெஸ்டட் ஓகே’ என்று எழுதுவதற்கு முன்

தம்பி, இங்கிலாந்தில் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் குவாலிட்டி வேலைக்குச் சேரப் போவதாகவும், டெஸ்ட், செக், வெரிஃபை, அக்யூரட், பிரிசைஸ் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகவும், உச்சரிப்புக்கு கோர்ஸ் சேரலாமா, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், அதில் நான் தலையிடவில்லை. உச்சரிப்பு கோர்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள், நிதானமாகப் பேசினாலே புரிந்துகொள்வார்கள். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நானும் இதே வேலைக்குத்தான் வந்து இறங்கினேன், இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அப்போது ஒருத்தரும் இல்லை.

இங்கே வேலையிடத்தில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற உறுதி. ‘செக்டு’ என்று எழுதினால், பட்டியலையோ டிராயிங்கையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘டெஸ்டட்’ என்றால் ஓட்டியோ அழுத்தியோ சூடாக்கியோ பார்த்து, என்ன நடந்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். ‘வெரிஃபைடு’ என்றால் கேட்டபடி இருக்கிறது என்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. ‘வேலிடேட்டட்’ இதற்கும் ஒரு படி மேலே, பயன்படுத்துகிறவருக்கு உண்மையிலேயே உதவுகிறது என்று பார்த்தாயிற்று. ஒரு கைப்பிடியை டிராயிங்கில் உள்ள அளவுக்கு அச்சாகச் செய்து வெரிஃபை பண்ணிவிடலாம், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவரால் அதைப் பிடிக்க முடியவில்லை என்றால் வேலிடேஷனில் நின்றுவிடும். நம் ஆட்கள் பலர், அதிலும் அனுபவசாலிகளே, எல்லாவற்றுக்கும் ‘டெஸ்டட் ஓகே’ என்று ஒரு வரி தட்டி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நாளைக்கு ஒரு பாகம் உடைந்து வந்தால் அந்த ஒரு வரியை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள், கூடவே அடுத்து வருகிற நம் பையன்கள் எழுதுவதையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அக்யூரட், பிரிசைஸ் குழப்பத்துக்குப் புத்தகம் தேவையில்லை, திருகி அளக்கிற மைக்ரோமீட்டர் கருவி ஒன்று போதும். சரியாக 25 மில்லிமீட்டர் உள்ள அளவுக்கட்டையை அதில் வைத்துத் திருகிப் பாருங்கள். 25.02 காட்டுகிறது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாலும் 25.02, இன்னொருவர் வைத்தாலும் அதேதான். அந்தக் கருவி பிரிசைஸ், ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் அக்யூரட் இல்லை, ஏனென்றால் சொல்வது உண்மையான அளவை இல்லை. ஆபத்து இங்கேதான். மாறாமல் வருகிற தப்பு மேல் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் கருவி சரியான அளவைக் காட்டுகிறதா என்று சோதித்ததற்கு அதன் மேல் கேலிபிரேஷன் லேபிள் ஒட்டி, அடுத்த தேதியும் போட்டு வைத்திருக்கிறார்கள். தேதி தாண்டிய கருவியை எடுத்து அளக்கச் சொன்னால், யார் சொன்னாலும் சரி, மறுத்துவிடுங்கள். டாலரன்ஸ் என்பதற்கும் பொறுமைக்கும் இங்கே சம்பந்தமில்லை. டிராயிங்கில் 25 பிளஸ் ஆர் மைனஸ் 0.05 என்று போட்டிருந்தால் 24.95 முதல் 25.05 வரை வாங்கிக்கொள்வோம் என்று அர்த்தம், அதற்கு மேல் பேச்சில்லை.

அப்புறம் பாராட்டு மாதிரி காதில் விழுகிற சொற்கள். பிரிட்டிஷ்காரர் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையே அமெரிக்கர் சொன்னால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பொருள். ‘நாட் பேட்’ என்றால் உண்மையிலேயே பிடித்திருக்கிறது. வந்த புதிதில் என் ரிப்போர்ட்களைத் திருப்பி அனுப்பும்போது ‘மைட் பி வொர்த் அனதர் லுக்’ என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். நேரம் கிடைத்தால் பாருங்கள் என்கிற மாதிரி இருக்கும், ஆனால் திருத்தாமல் நகராது என்பதுதான் அதன் பொருள். அதை முகத்துக்கு நேரே சொல்லாமல், வருடக் கடைசியில் மதிப்பீட்டில் எழுதி வைத்தார்கள். அந்த நிர்வாகத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. புதிதாக வந்தவனிடம் நேராகச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

‘சாட்டிஸ்ஃபாக்டரி’ (திருப்திகரம்) என்ற சொல்லையும் இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், விற்கிற பொருள் ‘சாட்டிஸ்ஃபாக்டரி குவாலிட்டி’ உள்ளதாக இருக்க வேண்டும், ‘ஃபிட் ஃபார் பர்பஸ்’ ஆக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே அது வாங்கியவருக்குப் பலமான சொல். அதே சொல் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் தரமதிப்பீட்டிலும் இருந்தது, அங்கே அது போதாது என்று 2012இல் அதை எடுத்துவிட்டு ‘முன்னேற்றம் தேவை’ என்று பொருள்படும்படி மாற்றிவிட்டார்கள். ‘ஃபிட் ஃபார் பர்பஸ்’ஐ மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் வேலையே அதுதான். விலை கூடியதெல்லாம் குவாலிட்டி என்ற எண்ணத்தை இங்கே வரும்போதே விட்டுவிட வேண்டும், கேட்டதற்குப் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு.

வேலைக்கு வெளியேயும் இது தொடரும். கார் வாங்கினால், ரோட்டில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கிற எம்ஓடி சோதனை உண்டு, கார் மூன்று வயதானதிலிருந்து வருடா வருடம். ‘அட்வைசரி’ என்று எழுதிக் கொடுத்தால் பாஸ்தான், ஆனால் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘மைனர்’ என்றாலும் பாஸ், சீக்கிரம் சரிசெய்துவிடுங்கள். ‘மேஜர்’ என்றால் ஃபெயில், ‘டேஞ்சரஸ்’ என்றால் சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று வந்தால் பயப்படாதீர்கள், குறிப்பிட்டுச் சொல்கிற மாதிரி எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார்.

ஆங்கில மரபுத்தொடர்களை மொத்தமாக மனப்பாடம் செய்யச் சொல்கிற நம் ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எனக்கு உதவியது வேறு. எங்கள் பிரிவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு மூத்த இன்ஸ்பெக்டர் இருந்தார். அவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான், உச்சரிப்பு கடைசிவரை மாறவே இல்லை, ஆனால் அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை யாரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. என் ரிப்போர்ட்டை வாங்கி ‘பெர்ஃபெக்ட்’, ‘ஹண்ட்ரட் பர்சென்ட்’ இரண்டையும் அடித்துவிடுவார். மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பாகத்தை அளக்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவார். நீள அளவுகளுக்கு உலகம் முழுக்க 20 டிகிரி செல்சியஸ்தான் கணக்கு, சூட்டில் எஃகு விரிந்திருக்கும், ஆறட்டும் என்பார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாகம் ஆறும்வரை மேஜை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம், இங்கே நான் பேசக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அங்கேதான். எத்தனை பாகத்தில் எத்தனை எடுத்தேன், எந்தக் கருவி, என்ன வெப்பநிலை, என்ன அளவு வந்தது, எதைப் பார்க்கவில்லை என்று ஐந்து விவரமும் எழுத வைப்பார். இப்போது என்னிடம் வருகிற புதியவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். சேர்ந்த பிறகு எழுதுகிற முதல் ரிப்போர்ட்டை, கம்பெனி பெயர், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள் தம்பி, படித்துச் சொல்கிறேன். அந்த ஐந்தாவது விவரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.