ஒரே ஊரில் இரண்டு, மூன்று கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் பாட்டு) வானொலிகள் எப்படிப் போட்டி போடுகின்றன?

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில் இது சகஜம். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 107.7 எஃப்எம்மில் வரும் டபிள்யூஐவிகே அங்கே பல்லாண்டுகளாகக் கொடிகட்டிப் பறக்கிறது. டென்னசி பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து வர்ணனையும் அதில் வரும். ஊரோடு இப்படி ஒட்டிப்போன நிலையத்தை வெறும் பாட்டுகளால் அசைப்பது கஷ்டம். புதுப் பாட்டுகள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உண்மையான போட்டி நேயரின் ஞாபகத்தில் நிற்பதற்காக. எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பெருநகரங்களில் நீல்சன் நிறுவனம், கேட்பவர் கூடவே கொண்டுபோகும் சிறு கருவியால் அளக்கிறது. சின்னச் சந்தைகளில் பெரும்பாலும் டைரிதான்: ஒரு வாரம் எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று மக்களே எழுத வேண்டும். பெயர் ஞாபகம் வராவிட்டால் கேட்டது கணக்கில் சேராது. அதனால்தான் தவளை, காளை, ஓநாய் என்று பெயர் வைத்து, அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்னொரு உத்தி எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் வரம்பைத் தளர்த்தியபின், ஒரே நிறுவனம் ஓர் ஊரில் பல நிலையங்களை வைத்திருக்கிறது. போட்டியாளர் வளர்ந்தால், தன் இன்னொரு அலைவரிசையைப் பழைய கன்ட்ரி பாட்டுகளுக்கு மாற்றிவிடலாம். அது பெரிதாக லாபம் பார்க்க வேண்டியதில்லை. எதிராளியின் நேயர்களில் ஒரு பங்கை இழுத்தால் போதும், அவருடைய விளம்பரக் கட்டணம் இறங்கிவிடும்.