வைஃபை ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது பாதுகாப்பானதா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப்கள் இருக்கின்றன. வைஃபையில் இணைந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தினமும் இரவு தானாகவே பேக்கப் ஆகிவிடும். குடும்பப் புகைப்படங்கள், வரிக் கணக்குகள், அடையாள ஆவணங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் யாராவது வைஃபை வழியாக இவற்றை எடுத்துவிட முடியுமா? வயர் போட்டு எடுப்பதுதான் நல்லதா?

பதில்: வைஃபை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தினமும் தானாக நடக்கிற பேக்கப், நினைவு வரும்போது மட்டும் எடுக்கிற பேக்கப்பைவிட எவ்வளவோ மேல். ரூட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பும், எளிதில் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்டும் இருந்தால், வெளியாள் காற்றில் போகிற தகவலைப் பிடித்தாலும் அவருக்கு அது புரியாத குப்பைதான். பழைய டபிள்யூஇபி முறை இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். அது 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

ரூட்டரில் இன்னொன்றையும் பாருங்கள். பட்டனை அழுத்தியோ எட்டு இலக்க பின் எண்ணைக் கொடுத்தோ இணைகிற டபிள்யூபிஎஸ் வசதி பலவற்றில் இருக்கும். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். உண்மையில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மீதி ஏழையும் ரூட்டர் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகப் பார்க்கிறது. முதல் துண்டு சரியா தவறா என்பது அதன் பதிலிலேயே தெரிந்துவிடும். ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள் போதும். 2011இல் வெளியில் தெரிந்த ஓட்டை இது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

வைஃபை சரி. எனக்குக் கவலை தருவது அந்த டிஸ்க்தான். அதற்குள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015இல் சீகேட்டின் சில வயர்லெஸ் ஹார்ட் டிஸ்க்குகளில், கையேட்டில் சொல்லப்படாத டெல்நெட் வழி (வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்கும் பழைய முறை) ஒன்று இருப்பது தெரியவந்தது. அதன் பயனர் பெயர் 'ரூட்', பாஸ்வேர்டும் 'ரூட்'. பின்னர் வந்த அப்டேட்டில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் அந்த அப்டேட்டைப் போடாதவர்களுக்கு வழி திறந்தே இருந்திருக்கும்.

அதைவிடப் பெரியது 2021 ஜூனில் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' கருவிகளை இணையத்தோடு இணைத்து வைத்திருந்த பலருடைய டிஸ்க், தொலைவிலிருந்தே ரீசெட் செய்யப்பட்டுக் காலியாகிவிட்டது. அந்தக் கருவிக்கு 2015க்குப் பிறகு அப்டேட் வரவில்லை. பல வருடப் புகைப்படங்களுக்கு அந்த ஒரே டிஸ்க்கை நம்பியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

எனவே டிஸ்க்கின் அட்மின் பக்கத்துக்குப் போய், கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். டிஸ்க்கே தனியாக ஒரு வைஃபையை ஒலிபரப்பினால் அதற்கும் பாஸ்வேர்ட் வையுங்கள். சில மாடல்களில் முதலில் எதுவுமே இருக்காது. வெளியூரிலிருந்து ஃபைல்களைப் பார்க்கும் ரிமோட் ஆக்சஸ் வசதி உண்மையிலேயே தேவையில்லை என்றால் அதை அணையுங்கள். ரூட்டரில் யுபிஎன்பி இருந்தால் அதையும் அணையுங்கள். உங்களைக் கேட்காமலேயே இணையத்துக்குக் கதவு திறந்துவிடுகிற வசதி அது. தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட மாடல் என்றால், இனி அதை நெட்வொர்க்கில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி ஃபைல்களைப் பூட்டுவது. பலர் தவறாக நினைக்கிற இடம் இது. "லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டிருக்கிறேனே, பேக்கப்பும் பூட்டித்தானே இருக்கும்?" என்பார்கள். இல்லை. விண்டோஸில் உள்ள பிட்லாக்கரும் சரி, மேக்கில் உள்ள ஃபைல்வால்ட்டும் சரி, லேப்டாப்புக்குள் இருக்கிற டிஸ்க்கைத்தான் பூட்டுகின்றன. நீங்கள் உள்ளே நுழைந்து ஃபைலைத் திறந்ததும் பூட்டும் திறந்துவிடுகிறது. அங்கிருந்து காப்பி ஆகிப் போவது சாதாரண ஃபைல்தான். டிஸ்க் திருடுபோனாலோ, ரிப்பேருக்குக் கொடுத்தாலோ உங்கள் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பேக்கப்பைத் தனியாகத்தான் பூட்ட வேண்டும். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு டிஸ்க்கைச் சேர்க்கும்போதே என்கிரிப்ட் செய்யும் விருப்பம் வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில், கம்ப்யூட்டரை விட்டுக் கிளம்பும் முன்பே ஃபைல்களைப் பூட்டி அனுப்புகிற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இப்படிச் செய்துவிட்டால் வைஃபை, டிஸ்க் எது உடைந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால் உங்களுக்கும் பேக்கப் கிடையாது. அதைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால், லேப்டாப் போகும்போது சாவியும் கூடவே போய்விடும்.

ஆனால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரேன்சம்வேர் வைரஸை என்கிரிப்ஷன் தடுக்காது. உங்கள் லேப்டாப்பில் அந்த டிஸ்க் 'இசட்' டிரைவாக எப்போதும் தெரிகிறதா? அப்படியானால் லேப்டாப்பில் நுழைகிற வைரஸுக்கும் அது தெரியும். நீங்கள் பூட்டிய ஃபைலின் மேலேயே அது இன்னொரு பூட்டைப் போட்டுவிடும். டிஸ்க்கில் பயனர் கணக்குகள் உருவாக்க முடிந்தால், பேக்கப்புக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்து, அதன் பாஸ்வேர்டைப் பேக்கப் மென்பொருளில் மட்டும் கொடுங்கள். டிரைவ் எழுத்தாக இணைத்து வைக்காதீர்கள். ஃபைல்களின் பழைய நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கிற ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் கட்டாயம் போட்டுவையுங்கள்.

இப்போது உங்கள் வயர் கேள்விக்கு வருகிறேன். வைஃபைக்குப் பதிலாக ரூட்டரிலிருந்து டிஸ்க்குக்கு வயர் இழுத்தால் வேகம் கூடும். மேலே சொன்ன ஆபத்துகள் அப்படியேதான் இருக்கும். ஆனால் தனியாக ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை செருகி, பேக்கப் முடிந்ததும் கழற்றி வைத்தால் அது வேறு கதை. கழற்றி வைத்த டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக யாராலும் தொட முடியாது. வைஃபை பேக்கப்பும் தொடரட்டும், இதுவும் இருக்கட்டும். முடிந்தால் இதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, ஏதாவது ஒரு பழைய ஃபோல்டரைப் பேக்கப்பிலிருந்து எடுத்து, லேப்டாப்பில் புதிதாக ஓர் இடத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். 'பேக்கப் வெற்றி' என்று திரையில் வருவதை மட்டும் நம்பாதீர்கள். நாலைந்து புகைப்படங்களையும் ஒரு பிடிஎஃப் ஃபைலையும் திறந்து பாருங்கள். அந்தச் சோதனையை இரண்டு லேப்டாப்களுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருப்பது இப்படிப் பார்த்தால்தான் தெரியவரும்.