ஸ்பெயின் கடலோரத்தில் முதல் மோட்டார்ஹோம் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் முதன்முறையாக மோட்டார்ஹோம் (படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டி) ஓட்டிச் செல்லவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. பெரும்பாலான கடிதங்கள் எந்தெந்த ஊரைப் பார்க்கலாம் என்றே தொடங்குகின்றன. இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் ஊர்ப் பட்டியல் தானாகவே அமைந்துவிடும் என்பது என் அனுபவம்.

கேள்வி: பார்சிலோனாவில் வண்டியை வாடகைக்கு எடுத்துக் கடலோரமாகவே காடிஸ் வரை சென்று, 10 நாட்களில் திரும்பிவிட முடியுமா?

பதில்: முடியும்; ஆனால் நெடுஞ்சாலையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். கடலோர வழியில் போகும் தூரமே 1,000 கிலோமீட்டருக்கு மேல். வாடகை வண்டியைப் பெரும்பாலும் பிற்பகலில்தான் கையில் தருவார்கள்; அவர்கள் சொல்லும் விளக்கத்தைக் கேட்டு, சாமான்களை ஏற்றி, கடைக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும். கடைசி நாளின் காலைப்பொழுது கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, உள்ளே துடைத்துக் கொடுப்பதிலேயே போய்விடும். ஆகவே உங்களிடம் உண்மையில் இருப்பவை 8 நாட்கள். முதல் இரவுக்கு, வண்டி எடுத்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் கேம்ப்சைட் (கட்டணம் செலுத்தி வண்டியோடு தங்கும் முகாம்) ஒன்றை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், தெற்கே கால்பே வரை போய்த் திரும்புங்கள். அது 500 கிலோமீட்டருக்குள் அடங்கும். முதலில் எப்ரோ ஆற்றின் டெல்டா. கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் நெல்வயல்களும் வாய்க்கால்களும், அவற்றின் விளிம்பில் பூநாரைகளும் இருக்கும். கோடையில் வயல் பச்சையாகவும் செப்டம்பரில் அறுவடையாகவும் காணலாம். அடுத்தது பெனீஸ்கோலா. கடலுக்குள் நீளும் பாறையின் மேலுள்ள அதன் கோட்டையில்தான், திருச்சபை பிளவுண்டிருந்த காலத்தில் தம்மையே உண்மையான போப் என்று சாதித்த பதின்மூன்றாம் பெனடிக்ட் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். பிறகு வாலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபெரா ஏரி, முடிவில் கால்பேயில் கடலிலிருந்து 332 மீட்டர் செங்குத்தாக எழும் இஃபாக் பாறை. இந்த வழியின் முதுகெலும்பான ஏபி-7 நெடுஞ்சாலையில் தார்ராகோனாவிலிருந்து அலிகாந்தே வரை 2020 முதலும், பிரெஞ்சு எல்லையிலிருந்து தார்ராகோனா வரை 2021 செப்டம்பர் முதலும் சுங்கம் கிடையாது. சொந்த வண்டியில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்சிலோனா நகரம் 2020 முதல் குறைந்த உமிழ்வு மண்டலமாக (அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதியாக) இருப்பதால், வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை உள்ளே கொண்டுசெல்லும் முன் பதிவு செய்துகொள்வது அவசியம்.

கேள்வி: கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தி, அலையோசையில் உறங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: மணலை ஒட்டிய பொதுக் கடற்கரை நிலத்தில் அனுமதி இல்லை. 1988-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் அங்கே அனுமதியின்றி வண்டி நிறுத்துவதையும் முகாமிடுவதையும் ஒருசேரத் தடை செய்கிறது. அதற்கு அப்பால், சாதாரணத் தெருவிலோ வாகன நிறுத்துமிடத்திலோ, நிறுத்துதல் வேறு, முகாமிடுதல் வேறு என்பதே ஸ்பெயின் போக்குவரத்துத் துறையின் நிலைப்பாடு. சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட்டபடி, கோட்டுக்குள் வண்டி நின்றால் அது நிறுத்துதல். உள்ளே நீங்கள் உறங்குவது எவருடைய கவலையும் அல்ல. பக்கவாட்டு நிழற்துணியை விரித்தாலோ, நிலைப்படுத்தும் கால்களை இறக்கினாலோ, மேசை நாற்காலியை வெளியே போட்டாலோ, வெளிப்புறமாகத் திறக்கும் ஜன்னலைத் தள்ளி வைத்தாலோ அது முகாமாகிவிடும். பாத்திரம் கழுவிய நீர் தரையில் சொட்டுவதும் அப்படியே.

இதற்கு மேல் ஒவ்வொரு நகராட்சியும் தனி விதி வைத்திருக்கிறது என்பதால், நுழைவாயிலில் உள்ள பலகையைப் படிக்காமல் சாவியைத் திருப்பி எடுக்காதீர்கள். அல்மேரியா பக்கத்திலுள்ள காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவுக்குள் கேம்ப்சைட்டுக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் உறங்க வேண்டாம் என்பதைச் சட்டத்திற்காக அன்றித் திருட்டுக்கு அஞ்சிச் சொல்கிறேன். ஊர்கள் தோறும் மோட்டார்ஹோம்களுக்கென்றே ‘ஆரியா’ என்னும் நிறுத்துமிடங்கள் உள்ளன. தண்ணீர் பிடிக்கவும் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யவும் அங்கே பெரும்பாலும் வசதி இருக்கும். முதல் பயணத்தில் இரண்டு இரவு ஆரியா, ஒரு இரவு கேம்ப்சைட் என்று மாற்றி மாற்றித் தங்குவது நல்ல வழி.

கேள்வி: பிரிட்டனில் 2004-இல் ஓட்டுநர் உரிமம் பெற்றேன். ஐந்து பேருக்கான வண்டியை ஓட்டலாமா?

பதில்: 1997 ஜனவரி 1-க்குப் பின் தேர்வானவர்களின் கார் உரிமம் 3,500 கிலோ வரைக்குமே செல்லும், அந்த எடை சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்தது. வெறும் வண்டியே 3,050 கிலோ என்றால் மீதம் 450. ஐந்து பேருக்கு 320, நிரப்பிய தண்ணீர்த் தொட்டிக்கு 100 என்று கழித்தால், துணிமணி, சமையல் சாமான், மிதிவண்டி எல்லாவற்றுக்கும் 30 கிலோதான் மிஞ்சும். ஆகவே தண்ணீரைக் கால்வாசி மட்டும் நிரப்பிக்கொண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். மிதிவண்டிகளைப் பின்னால் மாட்டினால், சிவப்பு வெள்ளைப் பட்டையிட்ட 50-க்கு 50 சென்டிமீட்டர் பலகை ஸ்பெயினில் கட்டாயம். வண்டியின் உயரத்தை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேல் ஒட்டி வையுங்கள். கடற்கரை நிறுத்துமிடங்கள் பலவற்றின் வாயிலில் கார் மட்டுமே நுழையும் உயரத்தில் குறுக்குக் கம்பி தொங்குகிறது.

கேள்வி: லண்டனிலிருந்து எங்கள் சமையல் சாமான்களைக் கொண்டுபோக முடியுமா?

பதில்: அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பிரிட்டன் வெளியேறிய பின், இறைச்சியும் பாலும் அவற்றால் செய்தவையும் ஐரோப்பிய ஒன்றிய எல்லைக்குள் வரக்கூடாது. தயிரையும் நெய்யையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் காய்கறி, கறிவேப்பிலை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தச் சான்றிதழிலிருந்து விலக்குப் பெற்ற பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. அந்தப் பட்டியலை எழுதியவர் நம் வீட்டுப் பக்கம் வந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: கேம்ப்சைட் மின்சாரத்தில் ரைஸ் குக்கர், கெட்டில் எல்லாம் ஓடுமா?

பதில்: ஒவ்வொன்றாக ஓடும். பல இடங்களில் தருவது 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். வீட்டுக் கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். என் முதல் பயணத்தில் ஒரு காலை நான் அதைப் போட, பக்கத்து வண்டிக்கும் சேர்த்து மின்சாரம் போய்விட்டது. பாதி முகத்தில் சவர நுரையோடு அந்த மனிதர் இறங்கி வந்தார். அன்று முதல் தேநீருக்கு எரிவாயு அடுப்புதான். பிரிட்டன், ஜெர்மனி சிலிண்டர்களை ஸ்பெயினில் மாற்ற முடியாது. கேம்பிங்காஸ் என்னும் நிறுவனத்தின் நீலச் சிலிண்டரை மாற்றலாம். வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்தால், கோடையில் 11 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு வாரத்திற்குத் தாராளமாக வரும்.

கேள்வி: அக்டோபரில் கூட்டமும் வாடகையும் குறையும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம், கடல்நீர் அப்போதும் இதமாகவே இருக்கும். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இந்தக் கரையில் திடீர்ப் பெருமழை கொட்டும். ‘ராம்ப்லா’ எனப்படும் காட்டாற்றுப் படுகைகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு, சமமாக, நிழலோடு கிடப்பதால், புதியவர் கண்ணுக்கு அவை அருமையான இலவச நிறுத்துமிடமாகத் தெரியும். 2024 அக்டோபர் 29 அன்று வாலென்சியா பகுதியில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதிகம் பாதிக்கப்பட்ட ஊர்கள் சிலவற்றில் மழையே அநேகமாக இல்லை. மேட்டுநிலத்தில் பெய்த நீர் ராம்ப்லா வழியாக இறங்கி வந்தது. கேம்ப்சைட் என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம்: 1996-இல் பிரனீஸ் மலையடிவாரத்தில், ஓடை கொண்டுவந்த வண்டலின் மேல் அமைத்திருந்த பியெஸ்காஸ் முகாமில் 87 பேர் மாண்டனர். ஸ்பெயின் வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், முன்பணம் போனாலும் போகட்டும் என்று மேட்டிலுள்ள ஊருக்கு வண்டியை ஏற்றிவிடுங்கள். நிறுத்தும் முன் ஒருமுறை இறங்கி நடந்து பாருங்கள். காலடியில் உருண்டைக் கூழாங்கற்களும், புதர்களில் ஒரே திசையில் சாய்ந்து சிக்கிய சருகும் பிளாஸ்டிக்கும் தெரிந்தால், அது ஆற்றின் நடுப்பகுதி.