டிபி இல்லை என்கிறார்கள், டிபி மாத்திரையும் தருகிறார்கள்: எனக்கு வந்திருப்பது என்ன?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 57 வயது, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முப்பது வயதில் டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானது. இப்போது இரண்டு வருடமாக இருமல், காலையில் சளி, 48 கிலோ இருந்த நான் 41க்கு வந்துவிட்டேன். சளியில் கிருமி தெரிகிறது என்று ஓர் இடத்தில் மூன்று மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள், இருமல் குறையவில்லை. மதுரையில் வேறு டாக்டர் பார்த்துவிட்டு, சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை இரண்டு முறை எடுத்தும் டிபி இல்லை, கல்ச்சரில் 'மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே' வளர்ந்திருக்கிறது, இது என்.டி.எம்., ஒன்றரை வருடம்கூட மருந்து சாப்பிட வேண்டிவரும் என்கிறார். ஸ்கேனில் நுரையீரலில் குழி இல்லையாம், மூச்சுக்குழாய் விரிந்து சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கிறதாம். மருமகள் பேரனைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. டிபி இல்லையென்றால் எதற்கு அதே மாத்திரை? தோட்டத்துக்குப் போகலாமா? இது என்னை விட்டுப் போகுமா?

பதில்: அம்மா, மருந்துப் பேச்சு அப்புறம். முதலில் உங்கள் மருமகளுக்குப் போன் போட்டு, பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள். உங்கள் நுரையீரலில் இருக்கும் இந்தக் கிருமி உங்களிடமிருந்து குழந்தைக்குப் போகாது. நீங்கள் தூக்கலாம், ஊட்டலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்களுக்கு இதற்காகச் சளிப் பரிசோதனையும் தேவையில்லை. தட்டு, டம்ளர் விஷயம் அதைவிடக் கொடுமை. டிபியே தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை, காற்றில்தான் பரவுகிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில் டிபி நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. அந்த முடிவைப் பார்த்துத்தான் உலகமே டிபிக்கு வீட்டில் வைத்து வைத்தியம் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டது. நம் ஊர் ஆய்வு அது, ஆனால் மதுரைத் தோப்பூர் டிபி ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் ஏறினாலே முகத்தைச் சுளிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுக்கோ டிபியே இல்லை. அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வையுங்கள்.

சரி, இது என்ன நோய்? டிபி கிருமிக்குப் பெரிய குடும்பம் உண்டு. அதில் டிபியும் தொழுநோயும் மனிதர்களை நாடி வருகிறவை. மற்ற நூற்றுக்கும் மேற்பட்டவை மண்ணிலும் தண்ணீரிலும் தம் பாட்டுக்குக் கிடக்கின்றன. அவற்றுக்குத்தான் என்.டி.எம். என்று பொதுப்பெயர், காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்று அர்த்தம். வாய்க்கால் தண்ணீரில் இருக்கும், மாடித் தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று படிந்திருக்கிறதே அந்தப் படலத்தில் இருக்கும், குளோரின் போட்டாலும் எளிதில் சாகாது. நம் பக்கத்தில் இவை எவ்வளவு சகஜம் என்றால், 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுப்பூசி தடுக்காமல் போனதற்கு, அந்த மக்கள் ஏற்கெனவே இந்த மண் கிருமிகளோடு பழகிப்போனவர்கள் என்பதையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆக, நாம் எல்லோரும் தினமும் இதைச் சுவாசிக்கிறோம், குடிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் என்றால், பழைய டிபி உங்கள் மூச்சுக்குழாய்களைச் சில இடங்களில் தளர்த்தி விரித்துவிட்டுப் போயிருக்கிறது. அங்கே சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் இது குடியேறிவிட்டது. நீங்கள் செய்த தப்பு என்று இதில் எதுவும் இல்லை.

அந்த மூன்று மாத மாத்திரை பற்றி உங்களுக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். சளியைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் டிபியும் இதுவும் ஒன்றுபோலச் சிவப்புக் குச்சியாகத்தான் தெரியும், பார்க்கிறவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சளியில் டிபி கிருமியின் மரபணுவையே தேடிப் பார்க்கிற சிபிநாட் இருக்கிற காலத்தில், அதிலும் ஏற்கெனவே டிபி வந்துபோன ஒருவருக்கு, அதை எடுக்காமல் மாத்திரையை ஆரம்பித்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது உங்கள் கேள்வி, ஏன் அதே மாத்திரை? அதே இல்லை அம்மா, பாதிதான் அதே. எத்தாம்புடால், ரிஃபாம்பிசின் இரண்டும் டிபிக்குக் கொடுப்பவை, இதற்கும் உதவும். ஆனால் இந்த நோயில் முன்னால் நின்று சண்டை போடுகிற மருந்து அசித்ரோமைசின், சிலருக்கு அதன் இடத்தில் கிளாரித்ரோமைசின். டிபி மாத்திரையில் அது இல்லை, அதனால்தான் அந்த மூன்று மாதம் பலிக்கவில்லை. குழி இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றையும் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்தால் போதும். குழி விழுந்தவர்களுக்குத்தான் தினமும் மாத்திரை, அதோடு முதலில் சில மாதம் அமிக்காசின் ஊசி. சளியில் கிருமி வளராமல் நின்ற நாளிலிருந்து ஒரு வருடம் எண்ண வேண்டும், ஒன்றரை வருடம் என்று டாக்டர் சொன்னது அந்தக் கணக்கில்தான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இருமலுக்கு மெடிக்கலில் கேட்டால் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை, ஐந்து மாத்திரை என்று கிழித்துக் கொடுப்பார்கள். நீங்களும் இந்த இரண்டு வருடத்தில் எத்தனை தடவை சாப்பிட்டீர்களோ தெரியாது. இனி வேண்டாம். தனியாக அதை மட்டும் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், பழகிவிட்டால் இந்த நோய்க்கு நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் போய்விடும், அப்புறம் வைத்தியம் மிகவும் கஷ்டம். ஆரம்பிக்கும் முன் உங்கள் கல்ச்சரில் இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று பார்த்தாயிற்றா எனக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒரு கல்ச்சர்தான் எடுத்ததாகத் தெரிகிறது. இந்தக் கிருமி தண்ணீரிலேயே இருப்பதால், ஒரு முறை சளியில் வளர்ந்தது என்பதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு செய்வதில்லை. வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு சளியிலாவது அதே கிருமி வளர வேண்டும், இல்லையென்றால் டியூப் விட்டு நுரையீரலுக்குள்ளிருந்து எடுத்த நீரில் ஒரு முறை வளர வேண்டும். ஸ்கேனும் எடை குறைந்ததும் நோயைத்தான் காட்டுகின்றன என்றாலும் இரண்டாவது சளியைக் கொடுத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் குழாய்த் தண்ணீரால் இல்லாமல் கொதிக்க வைத்து ஆறிய நீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் கெட்டிச் சளியைக் கொடுங்கள், எச்சில் வேண்டாம். கல்ச்சர் வளர ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகாதா என்று பயப்பட வேண்டாம், இது மெதுவாக நடக்கிற நோய். சிலருக்கு மருந்தே கொடுக்காமல் சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் சளியும் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஏழு கிலோ இறங்கியிருப்பதால் உங்களுக்கு மருந்து வேண்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது, அதை நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த நோயில் பாதி வைத்தியம் சளியை வெளியேற்றுவது, அதற்கு மாத்திரைச் சீட்டு எதுவும் தேவையில்லை. காலையில் சாப்பிடும் முன்னும் சாயங்காலமும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நாலைந்து தடவை மெதுவாக ஆழ்ந்து மூச்சிழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி விடுங்கள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் அதன் மேல் 'ஹா' என்று ஊதுவோமே, அதேபோல வாயைத் திறந்து நீளமாக இரண்டு தடவை ஊதுங்கள். சளி மேலே நகர்ந்து வருவது தெரியும், அப்போது ஒரு இருமல் இருமித் துப்பிவிடுங்கள். தொண்டை கிழிய இருமுவதால் பிரயோஜனமில்லை. கொஞ்சம் ஓய்வெடுத்து மறுபடி. ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால் பிடிபட்டுவிடும். உப்புநீர் நெபுலைசர் சிலருக்கு நன்றாகச் சளியை இளக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்குள் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, அதன் கப்பைத் தினமும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்து உலர்த்த வேண்டும். அப்புறம், விருந்தாளி இருக்கிறார், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று இருமலை அடக்கிச் சளியை விழுங்குகிற பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. 1992இல் அமெரிக்க மருத்துவர்கள் இரண்டு பேர் இதே கிருமி வந்த வயதான பெண்களைப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக இருமலை அடக்குவதுதான் காரணமாக இருக்குமோ என்று எழுதினார்கள். அது நிரூபணமாகவில்லை, ஆனாலும் எழுந்து போய் இருமித் துப்பிவிட்டு வருவதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

மாத்திரை ஆரம்பித்தால் பார்த்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதை ஏற்கெனவே மூன்று மாதம் பார்த்திருப்பீர்கள், அது ரிஃபாம்பிசின் வேலை, பயமில்லை. ஆனால் அதே ரிஃபாம்பிசின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அந்த மூன்று மாதத்தில் சர்க்கரை ஏறியிருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள், சர்க்கரை டாக்டர், நுரையீரல் டாக்டர் இரண்டு பேரிடமும் எல்லா மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். எத்தாம்புடால் கண் நரம்பைத் தொடக்கூடும். சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதா? தினமும் தாள் கிழிக்கும்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அதிலிருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள், பிறகு கண்ணை மாற்றிப் படியுங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ அன்றே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள். ஆரம்பிக்கும் முன் கண் டாக்டரிடம் ஒருமுறை பார்த்து எழுதி வாங்கிவைப்பது நல்லது. அசித்ரோமைசினால் காதில் இரைச்சல், கேட்பது குறைவது வரலாம். கண் மஞ்சளானாலோ சாப்பாடே பிடிக்காமல் வாந்தி வந்தாலோ ஈரல் பரிசோதனை எடுக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது பக்கத்து கிளினிக்கில் போடுகிற 'பவர் ஊசி' பெரும்பாலும் ஸ்டீராய்டு, உங்கள் சர்க்கரைக்கும் ஆகாது, இந்தக் கிருமிக்கோ கொண்டாட்டம்.

தோட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். விடியலில் மொட்டு பறிப்பதில் ஒரு கெடுதலும் இல்லை, நடப்பதும் குனிந்து நிமிர்வதும் சளி இளக நல்லதே. காய்ந்த தொழுவுரம் அள்ளுவது, புழுதி பறக்கக் கொத்துவது இவற்றை மட்டும் மற்றவர்களிடம் விடுங்கள். நீங்களே செய்ய வேண்டி வந்தால் மண்ணை நனைத்துவிட்டு, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து அடிக்கிற அன்று அந்தப் பக்கமே வேண்டாம். வீட்டில் ஷவர் இருந்தால் அதை மறந்துவிட்டு வாளியும் செம்புமாகக் குளியுங்கள், நீர் பொடிப்பொடியாகப் பறந்து மூச்சில் ஏறுவது குறையும். சித்திரையில் அழகரைப் பார்க்கப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போங்கள், துருத்தியில் நீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் மட்டும் நுழையாமல் எட்ட நின்று கும்பிடுங்கள். இதற்கு ஆய்வு கீய்வு இல்லை, என் முன்ஜாக்கிரதை அவ்வளவுதான். இதற்கு மேல் தண்ணீரைக் கண்டு பயந்துகொண்டு வாழ முடியாது, அந்தக் கிருமி இல்லாத இடமும் இல்லை.

எடை ஏற வேண்டும். தினம் இரண்டு முட்டை, வேர்க்கடலை, பருப்பு, உளுந்து, மீன் கிடைத்தால் மீன். சர்க்கரை இருப்பதால் ஜிகர்தண்டாவில் எடை ஏற்ற நினைக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வையுங்கள், வயிற்றில் இருப்பது எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கினால் இந்த நோய் கூடும். விறகடுப்பும் கொசுவத்திப் புகையும் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

போகுமா என்று கேட்டீர்கள். அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படுகிற கிருமியாக இருந்து, குழியும் இல்லாமல், மருந்தை முழுதாகச் சாப்பிட்டால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சளியில் கிருமி இல்லாமல் போகிறது. சிலருக்குச் சில வருடம் கழித்துத் திரும்ப வருகிறது, பல நேரம் அது பழைய கிருமி இல்லை, மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ புதிதாக வந்தது. விரிந்த மூச்சுக்குழாய் பழையபடி சுருங்காது, அதனால் காலை நேரத்து அந்த ஊதல் பயிற்சி மட்டும் கடைசிவரை இருக்கும், பல் தேய்ப்பதைப் போல.

சளியில் கோடு கோடாக ரத்தம் தெரிந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இருமும்போது ரத்தம் மட்டுமே கரண்டிக் கணக்கில் வந்தால், இரவு எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிட்டு நேரே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பேரன் வந்துவிட்டானா என்பதையும்.