முதல் அறிக்கையில் தரம் 2, அடுத்ததில் தரம் 4: கட்டி வளர்ந்துவிட்டதா?

இல்லை. மூன்று வார இடைவெளியில் வந்த இரண்டு நோயியல் அறிக்கைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; அதற்குள் உங்கள் அண்ணனின் மூளைக்கட்டி தரம் 2-இலிருந்து (மெதுவாக வளர்வது) 4-க்கு (மிகத் தீவிரமானது) தாவவில்லை. இரண்டு அறிக்கைகளும் அறுவை சிகிச்சையில் எடுத்த அதே திசுவைப் பற்றியவைதான்.

முதலாவது, நுண்ணோக்கியில் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. இரண்டாவது, மரபணுச் சோதனைக்குப் பிறகு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு வரும் பரவலான ஆஸ்ட்ரோசைட்டோமாவில் (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் ஒரு கட்டி) ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாமல், டெர்ட் என்ற மரபணுவை இயக்கும் பகுதியில் (புரமோட்டர்) மாற்றம் இருந்தால், அது கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிரமான மூளைப் புற்றுநோய், தரம் 4. செல்கள் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அப்படித்தான். "டெர்ட் மாற்றம் உண்டு" என்ற வரியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுவே.

ஆனால் ஒன்றை அவசியம் பாருங்கள். ஐடிஎச் மாற்றம் "இல்லை" என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? திசுவில் சாயமேற்றும் சோதனை, ஐடிஎச் மாற்றங்களில் ஆர்132எச் என்ற ஒன்றை மட்டும்தான் காட்டும். அண்ணனுக்கு வயது 41. 55-க்குக் கீழே இருப்பவருக்கு அது போதாது, மரபணு வரிசைப்படுத்தலும் வேண்டும். டெர்ட் மாற்றம் ஆலிகோடென்ட்ரோகிளியோமா என்ற வேறொரு வகை மூளைக்கட்டியிலும் வரும், அதன் தரம் 2 அல்லது 3தான். ஆகவே அந்த வகையை அடையாளம் காட்டும் 1பி/19க்யூ இழப்பு (1, 19ஆம் குரோமோசோம்களின் சில பகுதிகள் இல்லாமல் போவது) சோதிக்கப்பட்டதா என்றும் நோயியல் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையே இதனால் மாறக்கூடும் என்பதால் கேட்கத் தயங்காதீர்கள்.

அறிக்கையின் முழுப் பக்கங்களை நான் பார்க்கவில்லை. வரிசைப்படுத்தல் ஏற்கெனவே நடந்து, ஐடிஎச் மாற்றம் இல்லை என்று வந்திருந்தால் தரம் 4 என்பதையே நம்புங்கள். மறுபரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.